ஒற்றை விரல்

அம்பத்தூர் பட்டறையில் லேத் ஆபரேட்டர் அவர். கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால்தான் தட்டுவார். அதற்குமுன் விரலைச் சட்டையில் துடைத்துக்கொள்வார்.

மெஷினை இயக்க நான் லிஸ்ப் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய புரோகிராம், முதலில் ஆபரேட்டரின் பெயரைக் கேட்டது. அவர் பெயருக்குப் பதிலாக, சுவரில் ஒட்டியிருந்த ஸ்டார்ட் கட்டளையைத் தட்டினார். மெஷின் சுழன்றது.

"இன்னா சார், எவன் இன்னா எழுதினாலும் செஞ்சிடுமா? உள்ள ஒருத்தன் கை இருந்தா?"

தட்டியதையெல்லாம் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் அந்த 'ஈவால்' வரியை அன்றே தூக்கினேன். பெயர்க் கட்டத்தில் விழுவது இனி வெறும் எழுத்து; கட்டளைகளுக்குத் தனிப் பட்டியல், மொத்தம் பத்து.

மறுநாள் டீ ஆறும்வரை பெயர்க் கட்டத்தில் விதவிதமான கட்டளைகளைத் தட்டினார். மெஷின் அசையவில்லை.

"இப்ப கரீட்டா கீது சார்" என்று விரலைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு எத்தனையோ பேர் என் புரோகிராம்களுக்குச் சர்டிபிகேட் தந்துவிட்டார்கள். அந்த விரல் தட்டிப் பார்க்காததை நான் இன்னும் முழுதாக நம்புவதில்லை.