கிருமி செத்தால் தீட்டு உண்டா?

கண்ணுக்குத் தெரியாத பூச்சை அடித்து, கண்ணுக்குத் தெரியாத கிருமியைக் கொன்று, கண்ணெதிரே காசு கேட்கும் தொழில் என்னுடையது. நானோ கோட்டிங் என்று பெயர். வெள்ளித் துகள் கலந்த மருந்து. மேடையிலோ கைப்பிடியிலோ அடித்துக் காயவிட்டால், அதன்மேல் உட்காரும் பாக்டீரியா பிழைக்காது. வீடு வீடாகப் போய் எதையாவது விற்றுப் பார்த்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். அதிலும் மாதக் கடைசிக்குள் ஓர் ஆர்டராவது பிடிக்காவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

மாமியின் சந்தேகம்

மும்பை மாட்டுங்காவில் ஒரு பாலக்காட்டு மாமி. சமையல் மேடையின் ஓரத்தில் இலவசமாக அடித்துக் காட்டினேன். "இப்போ இங்கே லட்சக்கணக்குல செத்திருக்கும் மாமி" என்று கொஞ்சம் அளந்தும் விட்டேன். அங்கேதான் கெட்டது காரியம். மாமியின் முகம் மாறிவிட்டது.

"ஏண்டாப்பா, சமையல்கட்டுல இத்தனை சாவு விழுந்திருக்குங்கறாய். எனக்குத் தீட்டு உண்டா இல்லையா, அதைச் சொல்லு முதல்ல!"

நோட்டீஸ் போர்டு

செம்பூரில் ஓர் அடுக்குமாடி சொசைட்டி. லிஃப்ட் பட்டன்களில் அடித்துக் காட்டினேன். செகரட்டரி குனிந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். வாசனைகூட இல்லாத மருந்துக்கு மீட்டிங்கில் எப்படி பில் பாஸ் பண்ணுவது என்று அவருக்குக் கவலை.

"செத்ததுல ரெண்டையாவது பிடிச்சுக் கொண்டாங்க சார், நோட்டீஸ் போர்டுல ஒட்டிடறேன்."

பொங்காத மாவு

தாராவியில், சைக்கிளில் இட்லி விற்கும் செல்வராஜ் மட்டும் ஒரே பேச்சில் சரி என்றார். மாவரைக்கும் அறையில் மேசை, சுவர் எல்லாம் அடித்துக் கொடுத்தேன். வேலை தப்பியது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

விடிவதற்குள் போன். மாவு பொங்கவே இல்லையாம். மாவைப் புளிக்க வைப்பதும் பாக்டீரியாதானே! மருந்து மாவு அண்டாவுக்குள்ளும் புகுந்துவிட்டதோ? அவருக்கு அன்றைய வியாபாரம் போச்சு, எனக்கு வேலையே போச்சு.

ஓடிப்போய்ப் பார்த்தால் அறையில் அண்டாவைக் காணோம். ஜனவரிக் குளிரில், வெளியே சந்தில் ஜில்லென்று உட்கார்ந்திருந்தது. செல்வராஜ் தன் மனைவியை முறைத்தார். அந்த அக்கா அசரவில்லை.

"நல்ல கிருமி எது, கெட்ட கிருமி எதுன்னு அந்த மருந்துக்குத் தெரியுமாக்கும்? அதான் ராத்திரியே தூக்கி வெளிய வச்சிட்டேன். குளிருக்கு நான் என்னத்தச் செய்ய?"

குற்றவாளி குளிர்தான் என்று ஆனதில் ஆர்டர் தப்பியது, வேலையும் தப்பியது என்றாலும், என் மருந்தை நம்பாதவர்கள் கதவைச் சாத்துகிறார்கள், நம்பியவர்கள் அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், நடுவில் உயிர் போவதென்னவோ எனக்குத்தான்.