மூன்றாம் கியர் நழுவாத வண்டி

அந்த அம்பாசடரில் மூன்றாம் கியர் நிற்காது. போட்டுவிட்டுக் கையை எடுத்தால் அடுத்த பள்ளத்தில் நழுவி வெளியே வந்துவிடும். இன்ஜின் மட்டும் வெறுமனே கத்தும், சக்கரங்கள் தம்போக்கில் உருளும். அதனால் ஒரு கை ஸ்டியரிங்கிலும் மறு கை அதன் அடியிலிருந்து நீளும் கியர் கம்பியிலுமாகவே நான் எப்போதும் ஓட்டினேன். இரண்டாம் கியரின் குணம் வேறு. அவசரப்பட்டால் நறநறவென்று பல்லைக் கடிக்கும். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, காலை எடுத்து, மறுபடி மிதித்து, வண்டியின் வேகம் இறங்குவதைக் காதால் கேட்டு, அதன்பிறகு மெல்ல நுழைக்க வேண்டும். பின்சீட்டில் தூங்குகிறவர் விழிக்காத அளவுக்கு எனக்கு அது பழகியிருந்தது.

என் பிழைப்பு அந்தத் தேய்ந்த கியர் பாக்ஸில்தான் இருந்தது. நான் அபிராமம் பக்கத்து மானாவாரிக் குடும்பத்துக்காரன். பத்தாவதோடு படிப்பு முடிந்தது. நாலு பேர் முன்னால் பேச வராது. வேலை கேட்டு ஒருவர் வாசலில் நிற்பதென்றால் இப்போதும் பாதி வழியிலேயே திரும்பிவிடுவேன். மற்ற டிரைவர்கள் பேசிப் பேசியே வீடு மாறி வீடு போய் முன்னுக்கு வந்தார்கள். எனக்கு அந்தத் திறமை கிடையாது. இந்த ஒரு வண்டியை என்னைத் தவிர வேறு யாராலும் ஓட்ட முடியாது என்பதுதான் என் திறமை.

ஒருமுறை எனக்குக் காய்ச்சல் வந்தபோது முதலாளி வீட்டில் ஆக்டிங் டிரைவர் ஒருவரை வைத்து ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவர் பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, சாவியை முதலாளி கையில் கொடுத்து, "இது வண்டியில்ல பாய், மாடு. மேய்க்கிறவன் வந்தாத்தான் நகரும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். முதலாளி இதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நானும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பேன். உள்ளுக்குள் எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

முதலாளி கொழும்பில் கடை வைத்திருந்து ஊர் திரும்பியவர். அந்த வண்டி அவருடைய வாப்பா காலத்தில் வாங்கியது. கடற்கரையோரமாக இருக்கும் அந்த ஊரில் கல்யாணம் முடிந்தால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். அதனால் மாப்பிள்ளையை ஊர்வலமாக அழைத்து வரும் வண்டிக்கு அங்கே மரியாதை அதிகம். முதலாளி வீட்டு மாப்பிள்ளைகள் எல்லோரும் அந்த அம்பாசடரில்தான் வந்தார்கள். ஓட்டுகிறவனுக்குப் புது வேட்டி சட்டை உண்டு. மாப்பிள்ளையோடு வந்தவர்கள் உட்காருகிற சஹனில், ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து சாப்பிடுகிற அந்தப் பந்தியில், எனக்கும் இடம் உண்டு. இந்து வீட்டுப் பிள்ளை என்று பிரித்துப் பார்க்காமல் கறியை என் பக்கம் தள்ளி வைப்பார்கள். நான் நன்றி மறந்தவன் இல்லை. அதையும் எழுத வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

முதலாளியின் கடைசி மகள் கல்யாணத்தில்தான் எல்லாம் தொடங்கியது. மாப்பிள்ளை துபாயில் வேலை பார்த்தவர். அங்கேயே இருந்தது போதும், இனி ஊரில் இருக்கலாம் என்று வேலையை விட்டு வந்திருந்தார். ஊர்வலத்தில் அவருடைய கூட்டாளிகள் வண்டியைச் சுற்றி நெருக்கி நின்றார்கள். பானட்டில் ஒருவன் சாய்ந்து கிடந்தான். முன்னால் தஃப் மேளம் அடிக்கிறார்கள். நகர்வதும் நிற்பதுமாகவே போக வேண்டியிருந்தது. பெண் வீட்டுத் தெரு முனையில் வழி கொஞ்சம் விட்டது. இரண்டாம் கியருக்கு மாற்றினேன். அந்தச் சத்தத்தில் என்னால் இன்ஜினைக் கேட்க முடியவில்லை. கியர் கடித்தது. சாதாரணமாக அல்ல, தஃப் சத்தத்தையும் மீறிக் கேட்டது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது.

"மாப்பிள்ளைக்கு இப்பவே பல்லுக் கடிக்குதுடோய்" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். தெருவே சிரித்தது. மாடியில் நின்ற பெண்கள்கூடச் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். ஆனால் கண்ணாடியில் பார்த்தேன், காது சிவந்திருந்தது. மறுநாள் அந்தக் காட்சி ஊரில் எல்லார் போனிலும் ஓடியது.

கல்யாணக் களைப்புத் தீர்ந்ததும் மாப்பிள்ளை ஒரு காலையில் ஷெட்டுக்கு வந்தார். குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். கியர் பாக்ஸிலிருந்து எண்ணெய் சொட்டிய கறையைத் தொட்டு முகர்ந்தார். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் போனில் ஒரு குழுவாக இருக்கிறார்களாம், அதில் கேட்டிருந்தாராம். கியர் பாக்ஸை இறக்கிப் பிரித்து, தேய்ந்ததையெல்லாம் மாற்றினால் புதுசு மாதிரி ஓடும் என்று முதலாளியிடம் சொன்னார். என்னைக் குறைத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழியெல்லாம் வண்டிமேல்தான் போட்டார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "ஏப்பா, இதுக்கு சாமான் எங்கனயும் கெடைக்குமா?"

கிடைக்காது என்று நான் சொல்லியிருந்தால் பேச்சு அத்தோடு முடிந்திருக்கும். மதுரைக் கடைகளில் ஏற்கெனவே விசாரித்ததில் கையை விரித்துவிட்டார்கள் என்று மாப்பிள்ளையே சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அந்த வீட்டில் என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள், நான் போவேன். முதல்முறையாக ஒரு கேள்வி. அதற்குப் பதில் தெரிந்த ஆள் நான் மட்டும்தான்.

"ராமேஸ்வரத்துல ஒரு லாட்ஜுக்குப் பின்னாடி இதே மாதிரி வண்டி ஒண்ணு கெடக்கு மொதலாளி" என்றேன்.

வீட்டில் வந்து சொன்னதும் என் மனைவி சோற்றைப் போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"ஒங்க சோத்துல நீங்களே மண்ண அள்ளிப் போட்டுட்டு வந்துருக்கீக."

"நல்ல மனுசங்கடி அவுக. அப்புடியெல்லாம் செய்ய மாட்டாக."

"நல்ல மனுசங்கதான். வண்டியுமில்ல நல்லாயிரப் போகுது."

நான் தட்டை இழுத்துச் சோற்றைப் பிசைந்தேன். அவள் அதற்குப்பிறகு அதைப்பற்றிப் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

ராமேஸ்வரத்து லாட்ஜ்காரர் ஒருகாலத்தில் யாத்திரைக்காரர்களை ஸ்டேஷனிலிருந்து ஏற்றி வருவதற்கு அந்த வண்டியை வைத்திருந்தார். இப்போது குப்பைத் தொட்டிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் நடுவில் கிடந்தது. உப்புக் காற்று கதவையும் தரையையும் சல்லடையாக்கியிருந்தது. ஆனால் கியர் பாக்ஸ் மூடிய இரும்புப் பெட்டி. உள்ளே எல்லாம் எண்ணெயில் ஊறிக் கிடக்கும், அதைக் கடல் தொடாது என்று எனக்குத் தெரியும். வண்டிக்கு அடியில் நான்தான் படுத்தேன். துருப்பிடித்த போல்ட்டுகளை மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துக் கழற்றினேன். பெட்டி நெஞ்சின்மேல் இறங்கியபோது மூச்சு முட்டியது. லோடு ஆட்டோவில் ஏற்றி, பாம்பன் பாலத்தில் வரும்போது அது உருண்டுவிடாமல் காலால் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி.

ராமநாதபுரத்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் இரண்டு பெட்டிகளையும் பிரித்து ஒரு சாக்கின்மேல் பரப்பினார். எங்கள் பெட்டியில் மூன்றாம் கியரைத் தள்ளுகிற ஃபோர்க் தேய்ந்து தகடாகியிருந்தது. இரண்டாம் கியரின் பித்தளை வளையத்தைக் கையில் கொடுத்தார். பல்லும் பல்லும் மோதாமல் வேகத்தைச் சமப்படுத்துகிற வளையம் அது. உள்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. பிடிப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை. லாட்ஜ் வண்டியின் வளையத்தில் வரிகள் அப்படியே இருந்தன. இத்தனை வருஷமும் அந்த வரிகளின் வேலையை என் காலும் காதும் செய்திருக்கின்றன.

நாங்கள் இருவர் மட்டும் இருந்த நேரத்தில் மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீக. பேரிங்கு, சீலெல்லாம் புதுசு போட்ருவோம். சத்தம் நின்னுரும், எண்ணெயும் ஒழுகாது. வளையத்த மட்டும் பழசையே போட்டு மூடிருவமா? பாய்க்கு என்ன தெரியப்போகுது. ஒங்களுக்கும் வண்டி கைய விட்டுப் போகாது."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. என்மேல் இருந்த பிரியத்தில் சொன்னார். நான் அந்தப் பழைய வளையத்தைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தேன். பொய் சொல்லக் கூசியது என்று எழுதினால் அழகாக இருக்கும். அது மட்டும் காரணமில்லை. அந்த வண்டி நன்றாக இருந்தால் எப்படி ஓடும் என்று எனக்கு ஒருமுறை தெரிய வேண்டியிருந்தது.

"நல்லதையே போட்டுருங்க" என்றேன்.

"அப்ப ஒண்ணு. ரிவர்ஸ் கியருக்கு வளையமே கெடையாது. வண்டி பொறந்ததுலருந்தே அப்புடித்தான். அது என்ன செஞ்சாலும் கடிக்கும். அது மட்டும் ஒங்க கைவேலதான்" என்று சிரித்தார்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். முதலாளி வீட்டு ஷெட் ஒரு சந்துக்குள் இருந்தது. காலையில் வண்டியை ரிவர்ஸில்தான் வெளியே எடுக்க வேண்டும், வேறு வழியில்லை. யார் ஓட்டினாலும் அங்கே தடுமாறுவார்கள், என்னைக் கூப்பிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

வேலை முடிந்து வண்டியை ஊருக்கு நான்தான் ஓட்டி வந்தேன், தனியாக. மூன்றாம் கியரைப் போட்டுக் கையை எடுத்தேன். நின்றது. பள்ளத்தில் வேண்டுமென்றே இறக்கினேன். நின்றது. பனைமரங்களுக்கு நடுவே அந்த ரோட்டில் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு வந்தேன். கியர் கம்பியைப் பிடித்துப் பழகிய கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வண்டி சத்தமே இல்லாமல் ஓடியது. சந்தோஷமாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு தடவைதான்.

வாசலில் மாப்பிள்ளை நின்றிருந்தார். நான் இறங்கியதும் அவர் ஏறினார். தெருவைச் சுற்றி வந்தார். கியர் ஒரு இடத்திலும் கடிக்கவில்லை. வண்டியை விட்டு இறங்கி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்க இல்லன்னா இது நடந்துருக்காதுண்ணே" என்றார். உண்மை.

சாவி ஷெட்டு ஆணியில் மாட்டியிருப்பது வழக்கம். மறுநாள் அங்கே இல்லை. வண்டியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்கு மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டே வந்தார். சந்தில் ரிவர்ஸ் போட்டபோது நறநறவென்று கடித்தது. எழுந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. இன்னும் அழுத்தித் தள்ளி, கடித்தபடியே போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். இப்படியே கொஞ்ச நாள் போனது. துடைப்பேன், உட்காருவேன், வீட்டுக்குப் போவேன்.

ஒருநாள் முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இடியாப்பம் வந்தது. உடம்பு எப்படி, பிள்ளைகள் எப்படி என்று விசாரித்தார். "மருமகனுக்கு வண்டிமேல ஆசை, ஓட்டிட்டுப் போகட்டும். நீ எதுக்குத் தினமும் வெயில்ல அலையிற? நீ எங்க வீட்டுப் புள்ளப்பா. எப்ப வேணாலும் வா" என்றார்.

வேலைக்காரனாக இருந்தால் நீக்குவதற்கு ஒரு வார்த்தை இருக்கிறது. வீட்டுப் பிள்ளையை யாரும் நீக்குவதில்லை. அதனால் என்னை நீக்கவே இல்லை. நான் எதிர்த்துக் கேட்பதற்கும் அங்கே ஒன்றுமில்லை. சரி மொதலாளி என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். நோன்பு மாதம் வந்தால் கஞ்சி வீட்டுக்கு வந்துவிடுகிறது. தூக்குவாளி நிறையக் கொடுத்து அனுப்புகிறார்கள். என் மனைவி அதை வாங்கி வைப்பாள், குடிக்க மாட்டாள்.

இப்போது மண்டபம் துறைமுகத்துக்கு ஐஸ் ஏற்றிப் போகும் மினி லாரி ஓட்டுகிறேன். அதன் கியர் வெண்ணெய் மாதிரி விழும். யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். எனக்கு முன்னால் ஓட்டியவர் பெயர்கூட ஐஸ் கம்பெனியில் யாருக்கும் நினைவில்லை.

போன மாதம் துறைமுகத்தில் ஐஸ் இறக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மாப்பிள்ளை. அந்தப் பெயரைப் பார்த்ததும் கை ஈரத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவசரமாக எடுத்தேன். என்ன எதிர்பார்த்தேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"அண்ணே, சந்துலதான் நிக்கிறேன். இந்த ரிவர்ஸ் மட்டும் எப்பவும் கடிக்குது. மெக்கானிக்கு சரியாப் பண்ணலயோ? மாமா சத்தம் போடுறாக. நீங்க எப்புடிப் போடுவீக?"

நேரில் வந்து காட்டுகிறேன் என்று சொல்லலாம். வாய் வரைக்கும் வந்தது. பின்னால் முதலாளியின் குரல் கேட்டது, அவன்ட்ட கேளு, அவனுக்குத் தெரியும் என்று. கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருக்க எனக்கு இந்த வயதிலும் வரவில்லை.

"கிளட்ச மிதிச்சு மொதல்ல ரெண்டாம் கியருக்குக் கொண்டு போங்க தம்பி. உள்ள சுத்துறது நின்னுரும். கிளட்ச விடாம அப்புடியே எடுத்து ரிவர்ஸ்ல போடுங்க. கடிக்காது."

போனை அவர் சீட்டில் வைத்தார் போலிருக்கிறது. கம்பி அசைகிற மெல்லிய சத்தம் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை. கடிக்கவில்லை.

"விழுந்துருச்சுண்ணே" என்றார். வைத்துவிட்டார்.

அந்த வண்டியைப் பற்றி அவருக்குத் தெரியாததாக என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். அதற்குப்பிறகு அவரிடமிருந்து போன் வரவில்லை.