காஹாங் பாதையில் ஒரு சிங்கப்பூர் டயர்

காலை 7.10. தெப்ராவிலிருந்து காஹாங்குக்குப் புறப்பட்டோம். ஏறத்தாழ நூற்றைம்பது கிலோமீட்டர். முன்சீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணியான என் மனைவி சரசு. மறுநாள் அவள் அம்மா வீட்டில் வளைகாப்பு. எனக்கு யாரையும் லேசில் நம்பும் வழக்கமில்லை. எண்ணெய், தண்ணீர் எல்லாம் நானே பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

7.45. நெடுஞ்சாலையில் தொண்ணூறைத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்கியது. எழுபதுக்கு இறக்கினால் அடங்கியது. போன வாரம் வண்டியை இரவல் வாங்கிய மச்சான்மீதுதான் சந்தேகம். படுபாவி, எந்தக் குழியில் இறக்கினானோ!

"மெதுவாப் போங்க, வயிறெல்லாம் குலுங்குது" என்றாள் சரசு.

9.00. குளுவாங்கில் ஒரு டயர் கடை. முதலாளி அந்தோணி "வாங்கண்ணே" என்று சிரித்ததே எனக்குப் பிடிக்கவில்லை. சக்கரங்களைக் கழற்றி, ஈயத்துண்டு ஒட்டி, பேலன்சிங் செய்தார். பிறகு, முன்டயர் இரண்டையும் மாற்றவேண்டும் என்றார். ஆரம்பித்துவிட்டான் ஐயா!

"டயர் வரியெல்லாம் ஆழமாத்தானே இருக்கு?" என்றேன்.

"இருக்குலா. இதப் பாருங்க." சுழலும் டயருக்கு அருகே சாக்கட்டியை அசையாமல் பிடித்தார். ஒரே இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழுந்தது. "உள்ள கம்பி வலை பிரிஞ்சு இந்த எடத்துல வீங்கியிருக்கு. ஓரத்துல நாலு நம்பர், செஞ்ச வாரமும் வருசமும். பத்து வருசப் பழசு. சிங்கப்பூர்ல கழட்டிப் போட்டதுதானே? அலமாக், தங்கச்சிய வச்சிக்கிட்டு இதுலயா வந்தீங்க?"

சரசு என்னைப் பார்த்தாள். "புதுசுன்னுதானே சொன்னீங்க?"

சிங்கப்பூர்க்காரன் தேயுமுன்பே கழற்றிவிடுவான், நம் ஊரில் அதுவே புதுசு என்று கணக்குப் போட்டு, டயர் ஒன்று எழுபது வெள்ளி விலையில் வாங்கி மாட்டியது நான்தான். வெட்கத்தில் காது சுட்டது. வழியில் வெடித்திருந்தால்?

10.30. புது டயர்கள். காஹாங்குக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டர், இருபுறமும் செம்பனைத் தோட்டம். ஸ்டீயரிங் துளியும் ஆடவில்லை.

"எப்படிப் போகுது பாத்தியா?" என்றேன். அவள் கதவுக் கைப்பிடியை விடாமல் பிடித்தபடி வந்தாள்.

மறுநாள் மாலை வளைகாப்பு முடிந்தது. பிரசவம்வரை சரசு அங்கேதான்; நான் தனியாகத் திரும்பவேண்டும். வளையல் குலுங்க வாசல்வரை வந்தாள்.

"பின்னாடி ரெண்டு டயரு?"

"அது நெசமாவே புதுசு, சரசு." நான் சொன்னது சத்தியம்.

அவள் கைபேசி விளக்கைப் போட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்சக்கரத்தருகே குனிந்தாள்.