கூட்டிப் பெருக்கிய ரோடு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எது வேண்டுமென்றாலும் மேனேஜர் துரையிடம்தான் போய் நிற்கும். குடிதண்ணீர், நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக் கூரை, ரோடு, மருந்து எல்லாமே அந்த மேட்டு பங்களாவிலிருந்து இறங்கி வர வேண்டும். நாம் நேராகப் போய்க் கேட்டுவிட முடியாது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில், வேலை வாங்கும் கங்காணியின் காதில் போட வேண்டும். கங்காணி ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியிடம் சொல்வார். கிராணி துரையின் முகத்தைப் பார்ப்பார். வெயிலடித்தால் சொல்வார், இல்லையென்றால் பேசாமல் திரும்பிவிடுவார். "இன்னிக்கு மூஞ்சியில மழைடா, நாளைக்குப் பாப்போம்" என்பது எங்கள் கிராணி வாயில் எப்போதும் இருக்கும் வாசகம். சில சங்கதிகள் ஒரு மழைக்காலம் முழுக்க அவர் வாயிலேயே ஊறிக்கொண்டிருந்ததும் உண்டு.

நான் அப்போது தொழிற்சாலையில், பறித்து வந்த கொழுந்தை மாடியில் பரப்பி வாட்டும் வேலையில் இருந்தேன். படிப்பு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தோடு சரி. மற்றதெல்லாம் சாமான் மடித்து வந்த பேப்பரிலும் மனிதர்கள் வாயிலும் கற்றதுதான். மலாய் ஓரளவு பேசுவேன். அந்த ஓரளவுக்காகவே, லயத்தில் யாருக்கு ஆபீஸ் காரியம் வந்தாலும் என்னைப் பிடித்து முன்னால் தள்ளுவார்கள்.

எழுபதுகளின் பிற்பாதியில் இந்த ஏற்பாடு மெல்ல மாறியது. உள்ளூர் நிர்வாகத்துக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் மன்றம் என்றார்கள். குப்பை, சாக்கடை, சின்ன ரோடுகளை எல்லாம் அந்தந்த ஊரிலேயே பார்த்துக்கொள்வார்களாம், மேலே இருப்பவர்களைக் கேட்டுக் காத்திருக்க வேண்டாமாம். எங்களுக்குத் தானா ராத்தா டவுனில் ஆபீஸ். அதே சமயம் பார்த்துத் தோட்டமும் கையைச் சுருக்கிக்கொண்டது. டிரசர் என்று நாங்கள் அழைத்த, மருந்து கொடுக்கும் பெரியவர் ஓய்வு பெற்றதும் டிஸ்பென்சரிக்குப் பூட்டு விழுந்தது. இனி அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது என்றார்கள். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் லயத்துக்கு ஏறி வரும் மண் ரோடும், தோட்டத்து எல்லைக் கல் வரைக்கும், மன்றத்தின் கைக்குப் போயிற்று. கொழுந்து லோரி வேறு வழியில் போவதால் தோட்டத்துக்கு அந்த ரோட்டின்மேல் பாசம் ஒன்றும் இல்லை.

"முன்ன ஒரே கதவு, அது சாத்தியே கெடக்கும். இப்ப வரிசையா கதவு, எதைத் தட்டுறதுன்னுதான் வெளங்கல லா" என்றார் என்னோடு கொழுந்து பரப்பிக்கொண்டிருந்தவர். நானும் தலையாட்டினேன். தட்ட வேண்டிய காரியம் பக்கத்து வீட்டிலேயே இருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா கொழுந்து பறிப்பவர். அவர் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்பேன். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் இனிப்புநீர்க்காரர், சர்க்கரை வியாதி. வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சி ஒன்று பாதத்தில் ஏறியது அவருக்கே தெரியவில்லை. தெரிந்தபோது புண் ஆழமாகப் போயிருந்தது. முறை தவறாமல் கழுவிக் கட்டு மாற்றினால் கால் தங்கும், தவறினால் எடுக்க வேண்டி வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

கட்டு மாற்ற ஆஸ்பத்திரி வேனில் மிஸ்ஸி வருவார். நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் சொல்வது. வீட்டு வாசல் வரைக்கும் வர அவருக்குச் சம்மதம், வேனுக்குத்தான் வழியில்லை. ரோட்டின் நடுவே ஓடை குறுக்கிடும் இடத்தில், அடியில் புதைத்திருந்த குழாய் நொறுங்கி, பாதி ரோட்டையும் இழுத்துக்கொண்டு போயிருந்தது. வேன் கீழே மெயின் ரோட்டிலேயே நின்றுவிடும். நாங்கள் ஒரு நாற்காலியில் மூங்கில் கட்டி, அண்ணனை உட்காரவைத்து, நாலு பேர் தோள் கொடுத்து இறக்குவோம்.

"மெதுவாடா, சாமி ஊர்வலம் போகுது. பின்னால யாராச்சும் தேங்கா ஒடைங்க" என்பார் அண்ணன் மேலிருந்து. தூக்குகிறவனுக்குச் சிரிப்பு வந்தால் நாற்காலி ஆடும். நாற்காலி ஆடினால் அக்கா எல்லோரையும் திட்டுவார்.

மழை பெய்தால் அந்தப் பள்ளத்தை நாற்காலியோடு தாண்ட முடியாது. எங்கள் மலையில் மழை இல்லாத வாரம் ஏது? முறை தவற ஆரம்பித்தது.

"கங்காணிகிட்ட சொன்னேன் தம்பி. அது நம்ம ரோடு இல்லம்மாங்கிறாரு. எங்கப்பா காலத்துலேருந்து நம்ம ரோடு, இப்ப எப்படி இல்லாமப் போச்சு? நீ டவுனுக்குப் போயி கேளு" என்றார் அக்கா.

போனேன். மன்றத்து ஆபீசில் இருந்த அதிகாரி லிப்பிஸ் பக்கத்து மலாய்க்காரர், என்னைவிட இளையவர். நான் பேசிய மலாயைச் சிரிக்காமல் கேட்டார். வியாழக்கிழமை நானே வந்து பார்க்கிறேன் என்றார். எனக்குக் கால் தரையில் படவில்லை. ஊர் திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த சீனக் கிழவரிடம்கூடச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

லயத்தில் ஒரே பேச்சு. பெரிய ஆள் வருகிறார், நம்ம ரோட்டைப் பார்க்க வருகிறார்.

இந்த இடத்தில் எங்கள் தோட்டத்துப் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். துரை லயம் பார்க்க வருகிறார் என்றால் முந்தின நாளே சாக்கடை வழித்து, குப்பை எரித்து, வாசல் கூட்டி, கிழிசல் துணியை எல்லாம் கொடியிலிருந்து எடுத்து ஒளித்துவிடுவோம். அழுக்குத் தெரிந்தால் துரை கங்காணியைத் திட்டுவார், கங்காணி எங்களைத் திட்டுவார். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய ஆள் என்ற சொல் காதில் விழுந்தால் கை தானாகத் துடைப்பத்தைத் தேடும்.

அப்படித்தான் ஆயிற்று. புதன்கிழமை வேலை விட்டதும் மொத்த லயமும் ரோட்டில் இறங்கியது. ஆண்கள் கல் சுமந்து ரோட்டுக் குழிகளை அடைத்தோம், மேலே செம்மண் போட்டு மிதித்தோம். கங்காணி தொழிற்சாலையிலிருந்து பழைய பலகைகளை வாங்கி வந்து, ஓடைப் பள்ளத்தின்மேல் அடுக்கி, இருபக்கமும் மண் அணைத்தார். பெண்கள் மேலிருந்து கீழ்வரை கூட்டித் தண்ணீர் தெளித்தார்கள். ரோடு ஏறும் இடத்தில் யாரோ ஒரு கோலம்கூடப் போட்டுவிட்டார்கள். அக்கா வடைக்கு ஊறப்போட்டார்.

அதிகாரி ஜீப்பில் வந்தார். ஜீப் கோலத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது. பலகைமேல் ஒரு சத்தமும் இல்லாமல் ஏறி இறங்கியது. அவர் இறங்கி, வடை தின்று, தேநீர் குடித்து, ரோட்டை இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"பாகுஸ்" என்றார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கோலா தெர்லா பக்கம் சில ரோடுகளைப் பார்த்தால் அழுதுவிடுவீர்கள், உங்களுடையது கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருக்கிறது என்றார். நான் பள்ளத்தைக் காட்டிச் சொல்ல வாயெடுத்தேன். பின்னாலிருந்து கங்காணி என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"நல்லா இருக்குங்கிறாருடா. எதுக்குக் கெடுக்கிற?"

ஜீப் இறங்கிப் போயிற்று. அதன் சத்தம் அடங்கிய பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அண்ணன் வீட்டு வாசலில் நாற்காலியில் இருந்தார்.

"என்னப்பா, வந்தவரு என்ன சொன்னாரு?"

"நல்ல ரோடுன்னாருண்ணே."

"அப்ப என்னை நடந்தே வரச் சொல்லிட்டாரா?"

மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. செம்மண் கரைந்து ஓடியது, பலகைகள் ஓடையோடு போய் எங்கோ முட்டைக்கோஸ் தோட்டத்தில் ஒதுங்கின. அந்த வாரமும் கட்டு மாற்ற முடியவில்லை. அண்ணன் காலைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார், ஆனால் வாடையைப் போர்வை மறைக்குமா? பாதத்தின் நுனி கறுத்துவிட்டது.

அக்கா அழவில்லை. தண்ணீர்க் குழாயடியில் எல்லோரும் இருக்கும் நேரம் பார்த்துக் குடத்தை வைத்தார்.

"எல்லாரும் சேர்ந்து நல்லாத்தான் கூட்டிப் பெருக்குனீங்க. எம் புருசன் காலையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளியாச்சு. நானும் ஒரு கூறுகெட்டவ, வடை சுட்டுக் குடுத்தேன்."

கங்காணிக்குப் பொறுக்கவில்லை. "அதுக்காக, ஒரு பெரிய ஆளு வர்றப்ப குப்பையாவா வச்சிருக்கிறது?"

"அவரு குப்பையப் பாக்கத்தானே கங்காணி வந்தாரு!"

ஒரு குடம் நிறைந்து வழிந்துகொண்டே இருந்தது.

மறுபடி தானா ராத்தா போனேன். நேராக ஆபீசுக்குப் போக வெட்கம். அந்த அதிகாரி மதியச் சாப்பாட்டுக்கு வரும் கடை எனக்குத் தெரியும். நானா ஒருவருடைய கடை அது. தமிழ் முஸ்லிம் கடைக்காரரை நாங்கள் நானா என்போம். அவரிடம் நடந்ததைச் சொன்னேன். பரோட்டா மாவை அடித்துக்கொண்டே கேட்டார்.

"அட, கடன்காரன் வர்றப்ப நகையெல்லாம் மாட்டிக்கிட்டு நின்ன மாதிரியில்ல இருக்கு. உக்காரு. நான் சொல்றேன், ஒன் மலாயில சொன்னா இந்தத் தடவையும் அவரு பாராட்டிட்டுத்தான் போவாரு."

அதிகாரி வந்ததும் நானா எதிரே உட்கார்ந்து மலாயில் பொரிந்து தள்ளினார். கால் என்ற சொல்லும் நாற்காலி என்ற சொல்லும் எனக்குப் புரிந்தன. அதிகாரி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்றார். பெரியவர்கள் வந்தால் நாங்கள் அப்படித்தான் துவான், பழகிவிட்டோம் என்றேன். துவான் என்றால் மலாயில் ஐயா. அவர் கொஞ்சம் யோசித்து, என் அம்மாவும் விருந்தாளி வந்தால் ஓட்டைப் பாயை மறைத்து நல்ல பாயைத்தான் விரிப்பார் என்றார். மறுபடி வரச் சம்மதித்தார். அக்கா சொல்லி அனுப்பியபடி, மிஸ்ஸி வரும் நாளையே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இந்தத் தடவை ஏற்பாடெல்லாம் அக்காவுடையது. முந்தின நாள் சாயங்காலம் வீடு வீடாகப் போய்த் துடைப்பத்தை வாங்கினார். "நாளைக்குத் தர்றேன், குடுங்க." எல்லாத் துடைப்பத்தையும் தன் வீட்டுச் சமையலறையில் அடுக்கிக் கதவைச் சாத்தினார். காலையில் பார்த்தால் கங்காணி ரோட்டோரமாகக் குனிந்து குனிந்து ஏதோ செய்துகொண்டிருக்கிறார். வெறுங்கையால் இலை பொறுக்குகிறார்.

"கங்காணி, அந்த எலைய எடுத்த எடத்துலயே போடுங்க."

"ரெண்டு எலைதானேம்மா..."

"போடுங்கன்னா போடுங்க!"

போட்டார். தோட்டத்தில் ஒரு கங்காணி கொழுந்து பறிக்கிற அம்மா சொன்னபடி கேட்டதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஜீப் பள்ளத்துக்கு அந்தப் பக்கமே நின்றது. நாங்கள் இந்தப் பக்கம் அண்ணனைத் தூக்கிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தோம். முன்னால் பிடித்தவனுக்குச் சேற்றில் கால் சறுக்கியது, நாற்காலி சாய்ந்தது. அதிகாரி காலில் போட்ட சப்பாத்தோடு ஓடைக்குள் இறங்கி மூங்கிலைத் தாங்கிப் பிடித்தார். அப்படியே விடாமல் வேன் வரைக்கும் தோள் கொடுத்தார். கால்சட்டை முழங்கால்வரை சேறு.

"துவானே தூக்குறாருன்னா நான் பெரிய ஆளாயிட்டேன் போலிருக்கே" என்றார் அண்ணன். நான் அதை மலாயில் சொன்னேன். அதிகாரி சிரித்தார். ஆனால் வேன் கதவில் வைத்து மிஸ்ஸி கட்டைப் பிரித்துப் பார்த்தபோது அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

உடனே நடந்துவிடவில்லை. எங்கள் ரோட்டுக்கு முன்னால் கியா பார்ம் பக்கம் ஏதோ மண்சரிவு. நான் நானா கடையில் தேநீர் குடிக்கும் சாக்கில் அடிக்கடி போய் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். துரை முகத்தைப் பார்த்த எங்களுக்கு எங்கள் முகத்தைக் காட்டிக் கேட்பது புதுப் பாடமாக இருந்தது. ஒருநாள் மன்றத்து லோரி சிமெண்ட் குழாய்களோடு வந்தது. ஓடையில் குழாய் பதித்தார்கள், கல் பரப்பி மேலே தார் ஊற்றினார்கள். தோட்டத்து எல்லை என்று நட்டிருந்த வெள்ளைக் கல்லோடு வேலை நின்றது. அதற்கு மேல் தோட்டத்து நிலம், நாங்கள் தொட முடியாது என்றார்கள். கங்காணி கிராணியிடம் சொன்னார். கிராணி முகம் பார்க்கப் போனார். அவர் திரும்புவதற்குள் நாங்களே கல் சுமந்து அந்த மிச்சத்தை நிரப்பிவிட்டோம். இந்தத் தடவை மழைக்குக் கரையாதபடி.

அண்ணனுக்கு இரண்டு விரல்கள் போயின. கால் தங்கியது.

வேன் முதன்முதலாக வாசல்வரை வந்த அன்று, விடிந்ததும் சர் சர் என்று சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அக்காதான், புது ரோட்டைக் கூட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஏய், பாத்து அளவாக் கூட்டு. ரொம்ப அழகாயிருச்சுன்னா, இவுங்களுக்கு எதுக்குன்னு கொழாயத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிரப் போறாங்க."

அக்கா துடைப்பத்தைத் தரையில் தட்டிச் சரிசெய்துகொண்டார். "எடுக்கட்டும் பாப்போம்" என்று சொல்லிவிட்டு, வெள்ளைக் கல்லைத் தாண்டிக் கீழே இறங்கிக் கூட்டிக்கொண்டே போனார்.