சந்தேகம் இல்லை என்று அப்பா சொன்னது

எங்கள் வீட்டில் பயப்படுவதற்கென்றே பிறந்தவள் நான். யாராவது இரண்டு தரம் இருமினால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். மழை பிடித்தால் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருக்கிற மண்மேடு சரிகிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் சோறு இறங்கும். தங்கச்சி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "அக்காவுக்குப் பயப்பட ஒண்ணும் கிடைக்கலைன்னா, அதுக்கும் பயந்துக்கும்."

அவள் பிறந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போக வேண்டும், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும் என்று என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அதற்காக நான் அழவில்லை. புத்தகப் பையைத் தொங்கவிட்ட அதே ஆணியில் அவளுக்குத் தொட்டில் சேலையைக் கட்டினேன். அவளும் வளர்ந்து தோட்டத்தில் பேர் பதிந்து மலைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்து அதிக காலம் ஆகவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள் வலது அடிவயிற்றைப் பிடித்தபடி தேயிலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள்.

தோட்டத்து மருந்தையா வாயு என்று சொல்லிச் சிவப்புத் தண்ணி மருந்து கொடுத்தார். எனக்கு மனம் கேட்கவில்லை. துரை பங்களா வாசலில் நின்று அழுது தோட்டத்து லொறியைக் கேட்டு வாங்கினேன். வழியில் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். அவளும் குனிந்தபடியே இறங்கி ஏறினாள். ஆனாலும் அங்கே அதிகம் சுணங்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். பகல் சோற்று நேரத்துக்கு முன்பே அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். என் பயம் அன்றைக்கு ஒரு தடவை சரியான வேலை செய்தது.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுத எனக்கு விருப்பமில்லை. வார்டில் ஒரு சின்ன டொக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். குடல்வால், ஒப்பரேஷன் செய்ய வேண்டும், பெரிய டொக்டர் வரட்டும் என்று சிங்களத்தில் சொன்னார். பெரிய டொக்டர் வெளியே போயிருந்தார். இன்னொரு பெண் படுத்திருந்த கட்டிலில், அந்தப் பெண்ணின் கால்மாட்டில் தங்கச்சிக்குத் தலைமாடு கிடைத்தது. நான் நர்ஸ் மிஸ்ஸியிடம் போவதும் வருவதுமாக இருந்தேன்.

"அக்காவுக்குப் பயம் கூட. டொக்டர் வரும்," என்றாள் அந்த மிஸ்ஸி, தெரிந்த தமிழில்.

ஞாயிற்றுக்கிழமையும் டொக்டர் வரும் என்றுதான் சொன்னார்கள். தங்கச்சி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முனகினாள். பிறகு, பின்னேரம் போல, கம்பியை விட்டாள்.

"அக்கா, வலி விட்டிருச்சு. நீ போய் ஒரு டீ குடி. மூஞ்சியப் பாரு, உன்னையத்தான் இங்க படுக்க வைக்கணும்."

போனேன். கேட்டுக்கு வெளியே இருந்த கடையில் உட்கார்ந்து குடித்தேன். எனக்கு நினைவு தெரிந்து, பயமில்லாமல் நான் குடித்த டீ அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை காலை பெரிய டொக்டர் வந்தபோது அவள் முகம் சாம்பல் நிறமாகியிருந்தது. வயிறு பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. அவர் மிஸ்ஸிமாரை இங்கிலீஸில் ஏசினார். தள்ளுவண்டி கொண்டு வரச் சொன்னார். வண்டி வந்தது. அவள் அதற்குள் போய்விட்டாள்.

அம்மாவும் அப்பாவும் வந்து சேர்ந்தார்கள். சவ அறைக்கு வெளியே நாங்கள் நிற்பதைப் பார்த்து, அங்கே வேலை செய்த முஸ்லிம் மனிதர் ஒருவர் அப்பாவை ஓரமாகக் கூப்பிட்டார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

"மரண விசாரணைக்கு ஐயா வருவாரு. மவுத்துல சந்தேகம் இருக்கான்டு கேப்பாரு. ஒரு சந்தேகமும் இல்லன்டு செல்லுங்க. அப்ப பொடிய வெட்ட மாட்டாங்க. பொழுதுக்குள்ள ஊட்டுக்குக் கொண்டு போயிரலாம்."

எங்கள் லயத்தில் வெட்டிய உடம்பை உள்ளே ஏற்ற மாட்டார்கள். குளிப்பாட்டுவதில்லை, மஞ்சள் பூசுவதில்லை. மூடிய பெட்டி வாசலோடு குழிக்குப் போய்விடும். அம்மா அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "எம்புள்ள மேல கத்தி படக்கூடாது. அவர் கேக்குறதுக்கு இல்லைன்னு சொல்லிடுங்க."

விசாரணை அதிகாரி கேட்டார். அப்பா இல்லை என்றார். அதிகாரி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் கேட்டார்.

"இல்லைங்க. எந்தச் சந்தேகமும் இல்லைங்க."

பொழுது சாய்வதற்குள் அவள் வீட்டுக்கு வந்தாள். பெண்கள் குளிப்பாட்டினார்கள். அம்மா மஞ்சள் பூசி, தலைவாரி, நேர் வகிடு எடுத்தாள். அன்றைக்கு அது எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

சில மாதம் கழித்துத் தோட்டத்துச் சங்கத் தலைவர் வந்தார். இதைச் சும்மா விடக்கூடாது, வழக்குப் போடணும் என்றார். அம்மாவுக்கு நட்டஈடு எதுவும் வேண்டியிருக்கவில்லை. "பார்க்காமப் போட்டு வச்சதாலதான் செத்தான்னு அவங்க வாயால சொல்லட்டும். அது போதும்," என்றாள்.

அப்பாவும் நானும் மாத்தளையில் ஒரு வக்கீலிடம் போனோம். நான் நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். வலி விட்டது என்று அவள் சொன்ன இடத்தில் வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்பதாம்மா குடல்வால் வெடிச்சிருக்கும். வெடிச்சா கொஞ்ச நேரம் வலி தெரியாது."

அவர் அடுத்துக் கேட்டது எதுவும் என் காதில் ஏறவில்லை. அப்பாதான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். வெட்டிப் பார்த்தார்களா என்று கேட்டபோது, மரண விசாரணையில் தான் சொன்னதை அப்பா சொன்னார்.

"ஆஸ்பத்திரிக் காகிதம் காய்ச்சல்ல செத்தான்னு சொல்லுது. நீங்களும் சந்தேகம் இல்லைன்னுட்டீங்க. இனி அந்த உடம்பைத் தவிர வேற சாட்சி இல்ல, பெரியவரே. கோர்ட்டுல நீதவான்கிட்ட உத்தரவு வாங்கித் தோண்டி எடுக்கணும். நாள் கடந்து போச்சு, அதுலயும் எவ்வளவு தெரியும்னு சொல்ல முடியாது. ஆனா கேட்டுப் பார்க்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் அப்பா இதை அம்மாவிடம் சொல்ல ஆரம்பித்தார். அம்மா மார்பில் அடித்துக்கொள்வாள் என்று நினைத்து, தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நின்றேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"தோண்டட்டும்," என்றாள்.

ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தாள்.

"பெட்டியத் திறப்பாங்கதானே? நானும் போய் ஒருக்கா மூஞ்சியப் பார்த்துக்கிறேன். வகிடு கலைஞ்சிருக்கும்."

அப்பா எழுந்து வெளியே போனார்.

அடுத்த கிழமை, உத்தரவு கேட்டு எழுதத்தான் போகிறோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு அதே வக்கீலிடம் போனார். உட்காரவில்லை.

"வேணாங்க ஐயா. விட்டுடுவோம்."

"நியாயம் உங்க பக்கம் இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சிட்டேங்க. அவ அம்மா அதைப் பார்க்கக் கூடாதுங்க."

பஸ் பலாபத்வலயைத் தாண்டியதும் அப்பா என் பக்கம் திரும்பாமலே, "அம்மாகிட்ட நான் சொல்றதுக்கு நீ ஒண்ணும் சொல்லாத," என்றார்.

அம்மா பஸ் நிறுத்தத்துக்கே வந்து காத்திருந்தாள். எண்ணெய் வைத்துத் தலை சீவி, நல்ல சேலை ஒன்று கட்டியிருந்தாள். "எப்பத் தோண்டுறாங்களாம்?"

"நீதவான் முடியாதுன்னுட்டாராம்."

அம்மா ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தே, முகம் தெரியாத அந்த நீதவானைத் திட்ட ஆரம்பித்தாள். அவன் பெற்ற பிள்ளையைச் சொல்லி, அவன் வீட்டு அடுப்பைச் சொல்லி, மண்ணை அள்ளி ரோட்டில் எறிந்து திட்டினாள். அப்பா குடையை விரித்து அவள் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, அவ்வளவையும் கேட்டுக்கொண்டு நின்றார்.