நாற்பது டோக்கன்களும் ஆணியில் ஏறும் வரை

நேற்றுக் காலை ஏழு மணிக்குத் துறைமுகத்து டோக்கன் அறையைத் திறந்துகொண்டிருந்தேன். நாங்கள் நைனா என்று கூப்பிடும் சவரிமுத்து அவர்களின் மருமகன் சைக்கிளில் வந்து இறங்கினார். “நைனா பூட்டாரு,” என்றார். இன்னும் பத்து நிமிடத்தில் ஆட்கள் வந்துவிடுவார்கள். துக்கத்துக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது.

கப்பலில் சரக்கு இறக்கப் போகிறவர்களுக்குப் பித்தளை டோக்கன் கொடுத்து, மாலையில் வாங்கி ஆணியில் மாட்டுவது அவருடைய வேலை. தாமாகச் சேர்த்துக்கொண்ட வேலை இன்னொன்று. காலண்டர் தாளைக் கிழித்ததும், அந்தத் தேதியில் நடந்ததையெல்லாம் தம் நோட்டிலிருந்து சன்னல் வழியே உரக்க வாசிப்பார். ராயபுரத்தில் முதல் ரயில் கிளம்பியதும் கிரேன்காரர் மகள் பிறந்ததும் அவருக்கு ஒரே வரிசைதான்.

சந்திரனில் மனிதன் கால் வைத்த சேதியை ரேடியோவில் கேட்ட அன்றுதான், சங்கிலி அறுந்து என் அண்ணன்மேல் இரும்புத் தகடுகள் விழுந்தன. ஆள் விழுந்த தேதி மறுபடி ஆள் கேட்கும் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. மறுவருடம் அதே தேதியில் கப்பலில் இறங்கவே பயந்துகொண்டு சன்னலில் நின்றேன். அவரோ, “சந்திரன்ல மனுசன் கால வெச்ச நாளு! நம்ம அந்தோணி பையன் பொறந்த நாளு!” என்று வாசித்து நிறுத்திவிட்டார்.

“இன்னா நைனா, எங்கண்ணன் செத்தது உன் நோட்டுல இல்லியா?” என்று கத்தினேன்.

“கீது. கப்பல்ல எறங்குறவன் கைல எதுக்குடா சாவக் குடுக்கணும்? சாயங்காலம் வா.”

அன்று சங்கிலி கிரீச்சிட்டபோதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டேன். மாலையில் கடைசியாக என் டோக்கனை வாங்கி மாட்டியதும் அவர் ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். கடைசி ஆள் திரும்பும்வரை அவர் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார் என்பது அன்றுதான் தெரிந்தது. பிறகு நோட்டைப் பின்பக்கம் திருப்பினார். தேதிவாரியாக இறந்தவர்கள். அண்ணன் பெயரை வாசித்துவிட்டு, கோயிலுக்கு அழைத்துப் போய் மெழுகுவத்தி ஏற்றினார். “நான் செத்தாலும் சாயங்காலந்தாண்டா சொல்லணும்,” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பின்னர் என்னைத் தம் அறைக்கே உதவியாளாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். போன வாரம் நெஞ்சுவலியில் படுத்ததும் நோட்டை என்னிடம் அனுப்பிவிட்டார்.

நேற்றுச் சன்னலில் நாற்பது பேர். “நைனா எங்க மாமு? இன்னிக்கி இன்னா நாளு?”

மருமகன் எனக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “நைனா வூட்லதான் கீறாரு,” என்றேன். “கோயிலுக்குப் பெரிய மணி வந்த நாளு. நம்ம முனுசாமி பொறந்த நாளு.” முனுசாமி வெட்கத்தோடு டோக்கனை வாங்கிக்கொண்டு போனார்.

நாள் முழுக்க எனக்குத் தண்ணீர் இறங்கவில்லை. மாலையில் முப்பத்தொன்பது டோக்கன்கள் வந்துவிட்டன. முனுசாமியின் ஆணி மட்டும் காலி. இந்தத் தேதி இன்னொரு ஆளையும் கேட்கிறதோ என்று கப்பல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். அரைமணி கழித்து அவர் ஓடி வந்தார்.

“டோக்கனோட வெளிய பூட்டேன் மாமு, பேஜாராப்பூடுச்சு. கல்மண்டபம் கடைல நைனாவுக்கு லட்டு வாங்கினு வந்தேன்.”

பொட்டலத்தை வாங்கி வைத்தேன். டோக்கனை மாட்டினேன். நோட்டைப் பின்பக்கம் திருப்பி, அந்தத் தேதியில் நைனாவின் பெயரை எழுதி, சன்னலில் காத்து நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன்.

நாற்பதும் ஆணியில் ஏறிவிட்டன, நைனா. இனி நீங்கள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம்.