ஆடி மாதத்துத் துப்பட்டா

மகள் காஞ்சிபுரத்தில் காலேஜ் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போன பிறகு, பதினோராம் வகுப்பில் அவளுக்கு அரசாங்கம் கொடுத்த சைக்கிள் வீட்டுப் பின்பக்கம் சும்மா கிடந்தது. நான் உத்திரமேரூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். சாலவாக்கம் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர் இருக்கிறது. டவுன் பஸ் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. ஒரு நாள் ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, வெறுத்துப்போய் வீட்டுக்குத் திரும்பி அந்த சைக்கிளை எடுத்தேன். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு சைக்கிள் மிதித்ததே இல்லை.

அது சித்திரை மாதம். இருப்பதிலேயே பளிச்சென்று தெரிகிற பாலியஸ்டர் சுடிதாரைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஆறு கிலோமீட்டர் போய் இறங்கியபோது முதுகுத் துணி தோலோடு ஒட்டிக் கிடந்தது. தொடையில் தையல் உரசி, சாயங்காலம் உட்காரவே முடியவில்லை. ஒரு வாரத்தில் கழுத்தெல்லாம் வேர்க்குரு. அதன் பிறகுதான் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். மேலே தொளதொளவென்று காட்டன். கறுப்பு கூடாது, வெயிலை இழுத்து வைத்துக்கொள்ளும். வெள்ளையில் செம்மண் ஏறினால் போகாது. சந்தன நிறம் சரியாக இருந்தது. பேன்ட் கால் அகலமாக இருந்தால் சங்கிலியில் மாட்டும் என்று, கணுக்காலோடு ஒட்டுகிற மாதிரி பிடித்துத் தைத்துக்கொண்டேன்.

காலுக்கு அவ்வளவு யோசித்தவளுக்குத் துப்பட்டாவைப் பற்றி ஒரு நினைப்பும் வரவில்லை. அதை நான் துணியாகவே எண்ணவில்லை. உடம்பில் ஒரு பகுதி மாதிரி அது இருந்தது.

ஆடி பிறந்ததும் காற்று ஆரம்பித்தது. அன்று காலை கிளம்பும்போது வீட்டுக்காரரோடு சண்டை. அவர் கம்பெனியில் ஷிப்ட் முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்.

"ஊர்ல சிரிக்கறாங்க. பொண்ணு சைக்கிள எடுத்துக்கினு இந்த வயசுல ரோடு ரோடா சுத்தறா உன் பொண்டாட்டின்னு சொல்றாங்க" என்றார்.

"சொல்றவங்க வந்து என்னை கடையில வுட்டுட்டுப் போவட்டும்" என்றேன்.

"நீ எப்டியோ போய்த் தொலை" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

கோபத்தில் வேகமாக மிதித்தேன். ஏரிக்கரை ரோட்டில் ஏறியதும் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. இறங்கி, ஸ்கூட்டியில் போகிற பெண்கள் செய்வதுபோல துப்பட்டாவைத் தலையோடு சேர்த்துக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, மீதியைப் பின்னால் விட்டேன். மறுபடி ஏறி உட்கார்ந்தபோது நிம்மதியாக இருந்தது. கண்ணில் மண் விழவில்லை.

நூறு அடி போயிருப்பேனோ என்னவோ. யாரோ பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்து இழுத்தார்கள். அப்படித்தான் தோன்றியது. வானம் தெரிந்தது, பிறகு தார் ரோடு முதுகில் அடித்தது. சைக்கிள் என் காலின் மேல் கிடந்தது. துப்பட்டாவின் முனை பின்சக்கரத்தில் போய்ச் சுற்றிக்கொண்டு, என் தலையை கேரியரோடு சேர்த்து வைத்திருந்தது. கத்தப் பார்த்தேன். காற்று உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. விரலைக் கழுத்துக்கும் துணிக்கும் நடுவில் விடப் பார்த்தேன், இடமே இல்லை. பயம் என்று கூடச் சொல்ல முடியாது. நம்ப முடியாமல் கிடந்தேன். சாவு இப்படி, பட்டப்பகலில், நானே கழுத்தில் சுற்றிக்கொண்ட துணியிலா?

கரையில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடி வந்தாள். கையில் அரிவாள். அது என் முகத்துக்கு நேராக வருவதைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் கழுத்துப் பக்கம் வரவே இல்லை. சக்கரத்தை ஒட்டித் துணியை ஒரே இழுப்பில் அறுத்தாள். மூச்சு உள்ளே வந்தபோது வந்த சத்தம் என்னுடையது என்றே எனக்குத் தெரியவில்லை.

"இன்னாம்மா இது? கயுத்துல தூக்குக் கயிறு மாட்டிக்கினு வண்டி ஓட்டினு வரே?" என்று திட்டிக்கொண்டே மீதிச் சுற்றை அவிழ்த்தாள். அரிவாளைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்திலேயே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். தூக்குவாளியில் இருந்த தண்ணீரைக் கொடுத்தாள். விழுங்கினால் வலித்தது.

"வூடு எங்க கீது? யாருன்னா வருவாங்களா?"

பேச்சு வரவில்லை. கையைக் காட்டினேன். அவளே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னோடு வீடு வரைக்கும் நடந்து வந்து, வாசலில் நிறுத்திவிட்டு, மாடு கட்டிப்போட்டது கட்டிப்போட்டபடி இருக்கிறதென்று திரும்பி ஓடினாள்.

வீட்டுக்காரர் எழுந்து வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தைத்தான் பார்த்தார். காதுக்குக் கீழிருந்து காதுக்குக் கீழ்வரை சிவப்பாக ஒரு கோடு. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"இன்னா பண்ணிக்கினே?" என்றார். "ஒரு வார்த்த சொன்னதுக்கா? அதுக்கா?"

அவர் என்ன நினைக்கிறார் என்று புரிய எனக்கு நேரம் ஆனது. புரிந்தபோது, ரோட்டில் விழுந்ததைவிட அதுதான் என்னை அடித்துப் போட்டது. இருபது வருஷம் ஒரே சோற்றைத் தின்ற மனிதர், நான் அதைச் செய்துகொள்ளக்கூடியவள் என்று ஒரு நொடியில் நம்பிவிட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. அவர் அழ ஆரம்பித்துவிட்டார். அவர் அப்பா செத்தபோது கூட அழுது நான் பார்த்ததில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ச் சக்கரத்தைக் காட்டினேன். அச்சுப் பக்கம் கந்தலாகச் சுற்றியிருந்த துணியை அவர் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

பைக்கில் உட்காரவைத்து உத்திரமேரூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார், விழுங்கச் சொன்னார். பிறகு வீட்டுக்காரரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பயப்படாம சொல்லுங்கம்மா. வீட்ல யாராவது ஏதாவது பண்ணாங்களா? இல்ல நீங்களாவா?"

ஒரு சீட்டை வாங்கி நடந்ததை எழுதிக் காட்டினேன். அவர் படித்துவிட்டு என் கையில் சிராய்த்திருந்த இடத்தைப் பார்த்தார், நம்பினார். "உள்ள வீக்கம்தான், எலும்புக்கு ஒண்ணும் இல்ல. மூச்சு கஷ்டமா இருந்தா எந்நேரம்னாலும் வந்துடணும்" என்றார். வெளியே வந்தபோது வீட்டுக்காரர் செருப்பில்லாமல் நின்றிருந்தார். போடாமலேயே வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

நான்கு நாள் குரல் இல்லை. கோடு மறைய இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. அதுவரை கடைக்குப் போகவில்லை. தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள் என் கழுத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்துவார்கள். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒவ்வொருத்தியும் அவளவள் மனதிலேயே ஒரு கதையை முடித்துவைத்திருந்தாள் என்பது எனக்கு இன்றுவரை அதிர்ச்சிதான்.

மறுபடி சைக்கிளை எடுக்கப் போகிறேன் என்று சொன்னபோது அவர் தடுக்கவில்லை. பீரோவைத் திறந்து அவருடைய காட்டன் சட்டைகளில் முழுக்கை வைத்தது இரண்டை எடுத்துக் கட்டிலில் போட்டார். "இத்த மேல போட்டுக்கோ. வெயிலும் படாது, தொங்கறதுக்கும் ஒண்ணும் இல்ல" என்றார். கடையில் முதலாளியம்மா முகத்தைச் சுளித்தார். அதனால் ஒரு துப்பட்டாவை மடித்துக் கடை அலமாரியில் வைத்துக்கொண்டேன். வேலை நேரத்தில் போட்டுக்கொள்வேன், கிளம்பும்போது கழற்றி வைத்துவிடுவேன். முதல் வாரம் ரோட்டில் எல்லாரும் பார்ப்பதுபோல இருந்தது. உண்மையிலேயே பார்த்தார்கள்.

ஐப்பசி மழை வந்தபோது ரெயின்கோட் வாங்க இருவரும் போனோம். கடைக்காரர் அங்கி மாதிரி நீளமாக ஒன்றை எடுத்து விரித்தார். விலை கேட்பதற்கு முன்பே வீட்டுக்காரர் அதைத் தள்ளிவைத்தார்.

"அது வேணாம். சட்ட தனியா, பேன்ட் தனியா கீறத எடு" என்றார். எடுத்துக் கொடுத்ததை அங்கேயே என்னைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். குனிந்து என் கணுக்காலில் இருந்த பட்டனைப் போட்டுப் பார்த்தார். பின்பக்கம் வந்து, தொப்பியின் கயிறு எவ்வளவு நீளம் தொங்குகிறதென்று பிடித்துப் பார்த்தார். கடைக்காரரிடம் கத்தரிக்கோல் கேட்டு அந்தக் கயிற்றை வெட்டி எடுத்தார்.